அத்தை பயந்த வால் நட்சத்திரம்

நம் ஏழாம் வகுப்புக் குழுவில் போன ஞாயிற்றுக்கிழமை ஓடிய பேச்சை, ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போதுதான் படித்தேன். யாரோ ஒரு வால் நட்சத்திரத்தின் படத்தைப் போட்டிருந்தீர்கள். உடனே பழைய கதை கிளம்பிவிட்டது. டீச்சர் அவ்வளவு சொல்லிக்கொடுத்தும் இவளுடைய அத்தை வால் நட்சத்திரத்துக்குப் பயந்து கல்யாணத்தையே நிறுத்தினாளே என்று ஒருவர் எழுத, மற்றவர்கள் வரிசையாகச் சிரித்திருந்தீர்கள்.

எனக்கு அதில் கோபம் இல்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை அதுதான். ஆனால் டீச்சரையும் இப்போது குழுவில் சேர்த்திருக்கிறீர்கள். அவர் ஒன்றும் எழுதவில்லை. படித்திருப்பார் என்பதுதான் எனக்கு உறுத்தியது. அப்பா இப்போது உயிரோடு இல்லை, அத்தையும் இல்லை. அக்காவிடம் கேட்டேன். எழுது என்றாள்.

கொஞ்சம் நீளமாக இருக்கும். நமக்கெல்லாம் கண்ணாடி இல்லாமல் போன் படிக்க முடியாத வயது வந்துவிட்டது. கம்பெனியில் எங்கள் லைனில் நாற்பதைத் தாண்டிய பெண் நான் ஒருத்திதான். புதிதாக வரும் பிள்ளைகள் இன்னும் ஆயா என்று கூப்பிடவில்லை, அவ்வளவுதான். நிதானமாகப் படியுங்கள்.

பெரிய ரோட்டோரம் கார் கம்பெனிக்குத் தூண் எழும்பிக்கொண்டிருந்த வருஷம் அது. நம் ஊர் வயல்களில் சர்வேக்காரர்கள் சங்கிலி பிடித்து இழுத்துக்கொண்டு திரிந்தார்கள். வரப்பு ஓரங்களில் சிவப்பு எண் எழுதிய கல் முளைத்தது. அந்த வருஷம்தான் டீச்சர் அறிவியல் எடுக்க வந்தார். காஞ்சிபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். புடவைத் தலைப்பில் எப்போதும் சாக்குக்கட்டித் தூள் இருக்கும்.

சிறுகோள் பாடம் உங்களுக்கு மறந்திருக்காது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று டீச்சர் கேட்டதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் “புதன் டீச்சர்” என்றானே. வகுப்பே சிரித்தது. டீச்சரும் பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு நம்மை வெளியே கூட்டிக்கொண்டு போனார். பஞ்சாயத்து ஆபீஸ் கட்டுவதற்காக யாரோ எப்போதோ கொட்டிய ஜல்லி பள்ளிக்கூட வேலிப் பக்கம் கிடந்தது. ஆபீஸ் வரவேயில்லை. ஜல்லி மட்டும் கிடந்து, அதில் புல்லும் முளைத்திருந்தது.

“அங்கயும் இப்படித்தான். ஒரு கோள் ஆகியிருக்கணும். ஆகலை. கல்லு மட்டும் அப்படியே சுத்திக்கிட்டிருக்கு” என்றார்.

எரிநட்சத்திரத்துக்கு மணல் லாரி உதாரணம். ஈர மணல் ஏற்றிய லாரி போன ரோட்டில் மணல் சிந்திக் கிடக்கும், சைக்கிளில் போனால் வழுக்கும் அல்லவா? வால் நட்சத்திரம் போன பாதையிலும் தூள் சிந்திக் கிடக்கும். பூமி வருஷா வருஷம் அந்தப் பாதையைத் தாண்டும்போது அந்தத் தூள் நம் காற்றில் உரசி எரியும். நாம் நட்சத்திரம் விழுகிறது என்போம். நட்சத்திரம் எங்கேயும் விழுவதில்லை என்று டீச்சர் சொன்னபோது எனக்கு ஏனோ கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

பங்குனி மாதம் அந்த வால் நட்சத்திரம் வானத்தில் தெரிய ஆரம்பித்தது. டீச்சர் இரண்டு நாள் நம் ஊரிலேயே சத்துணவு அம்மா வீட்டில் தங்கி, பொழுது சாய்ந்ததும் நம்மை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார். வடமேற்கில், வெளிச்சம் முழுக்க அடங்குவதற்கு முன்பே, வெள்ளைச் சுண்ணாம்பைக் கட்டைவிரலால் இழுத்துவிட்ட மாதிரி நின்றது. ஓடவில்லை. ராக்கெட் மாதிரி பாயும் என்று நினைத்து வந்த பையன்கள் சலித்துக்கொண்டார்கள். ஏரித் தண்ணீர் வாசம், யாரோ மடக்கிப்போட்ட வலையின் கவிச்சி, கொசு. டீச்சர் சூரியன் இறங்கிய இடத்தைக் காட்டி, “வால் எந்தப் பக்கம் நீட்டிக்கிட்டிருக்கு, பாருங்க” என்றார். சூரியனுக்கு எதிர்ப்பக்கம். எப்போதும் எதிர்ப்பக்கம்தான். எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

வீட்டுக்குப் போனதும் அக்கா கேட்பாள். அவள் அந்த மாதம்தான் பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருந்தாள். டீச்சர் சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் ஒப்பிப்பேன். அது ஐஸும் தூளும் என்பதெல்லாம் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. ஒரே கேள்விதான்.

“எத்தினி நாளிக்குத் தெரியுமாம்?”

“சித்திரை முடியறவரைக்கும் தெரியுமாம். அப்புறம் மங்கிடுமாம்.”

“வைகாசியில தெரியாதா?”

“அவ்ளோவா தெரியாதாம்.”

அவள் முகம் வாடியது. வால் நட்சத்திரத்தின் மேல் என் அக்காவுக்கும் ஆசை வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அக்காவுக்கு அத்தை மகனைப் பேசி முடித்திருந்தார்கள். அத்தை, அப்பாவுக்குக் கூடப் பிறந்த ஒரே தங்கை. சுங்குவார்சத்திரம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. கணவர் இல்லை. ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளையைத்தான் நான் மாமா என்பேன்; ஜல்லி லாரி ஓட்டினார். எப்போது வந்தாலும் எனக்குக் கடலை மிட்டாய் வாங்கிவருவார். சித்திரைக் கடைசியில் வல்லக்கோட்டைக் கோயிலில் கல்யாணம்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ராகுகாலம் பார்த்தது கிடையாது. பூனை குறுக்கே போனால் அப்பா நின்று பூனைக்கு வழிவிட்டுப் போவார். கோயில் கல்யாணத்துக்குக்கூட அத்தைக்காகத்தான் ஒப்புக்கொண்டார். அப்படிப்பட்டவருக்கு அந்த வருஷம் ஒரு பயம் பிடித்திருந்தது. வயலில் முளைத்த எண் கற்களைப் பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம் சொல்வார். “நெலம் நம்ம பேர்ல இருக்கும்போதே பொண்ண ஒருத்தன் கையில குட்த்துடணும். நாளைக்கு நெலம் போச்சின்னா எவன் மதிப்பான் நம்மள?” அக்கா ஒருமுறை, பரீட்சை முடிவு வரட்டுமே என்று சொன்னாள். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்த நேரத்தில்தான் அத்தை வந்து அந்தப் பேச்சை எடுத்தாள்.

“அண்ணே, வால் வெள்ளி நிக்கும்போது தாலி கட்டினா ஆவாதுன்னு ஊரே பேசிகினு கீது. வைகாசி போவட்டுமே.”

அப்பாவுக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. “எந்தக் காலத்துல இருக்குற நீ? அது பாட்டுக்கு அது போவுது” என்றார். அத்தை அசையவில்லை. ஒரே பிள்ளை என்றாள். அப்பா என்னைப் பார்த்தார். “ஒங்க டீச்சரு இதப் பத்திதான பாடம் எடுக்குது? இட்டுகினு வா. இவளுக்கும் எடுக்கட்டும்.”

டீச்சருக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஒரு அப்பா தானாகவே முன்வந்து மூடநம்பிக்கையை விளக்கச் சொல்லிக் கூப்பிடுகிறார். மறுநாளே வருவதாகச் சொல்லிவிட்டார். ஐஸ் வேண்டும் என்றதும், பூந்தமல்லி ஐஸ் கம்பெனியிலிருந்து ஒரு பாளத்தை உமி போட்டுச் சாக்கில் சுற்றி லாரியிலேயே கொண்டுவந்து இறக்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? மாமாதான். தன் கல்யாணத்துக்காக அவர் செய்த ஒரே வேலை அது.

அந்தச் சாயங்காலம் எங்கள் வாசலில் பாதித் தெரு கூடிவிட்டது. உங்களில் சிலரும் இருந்தீர்கள். டீச்சர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாக்கோடு ஐஸை உலக்கையால் இடிக்கச் சொன்னார். இடித்த ஐஸில் ஏரி மண்ணையும் அடுப்புக்கரித் தூளையும் கொட்டிப் பிசைந்து, கொழுக்கட்டைக்குப் பிடிப்பதுபோலப் பிடித்தார். தேங்காய் அளவுக்கு ஒரு கறுப்பு உருண்டை. அதை ஒரு குச்சியில் செருகி, என் தலையில் இருந்த வெள்ளை ரிப்பனை அவிழ்த்து அதில் கட்டினார். திண்டு போட்டு உயர்த்திய எங்கள் டேபிள் பேன்தான் சூரியன்.

“இதப் பிடிச்சிக்கிட்டு பேனைச் சுத்தி வா” என்றார்.

நான் சுற்றினேன்; டீச்சர் பேனை என் பக்கமாகவே திருப்பிக்கொண்டு வந்தார். பேனுக்கு எந்தப் பக்கம் போனாலும் ரிப்பன் பேனுக்கு எதிர்ப்பக்கமாகவே பறந்தது. உருண்டை சொட்டிக்கொண்டே வந்தது. என் முழங்கை வழியாகக் கறுப்புத் தண்ணீர் ஓடியது. “அவ்வளவுதாம்மா. அழுக்கு ஐஸ். சூரியன்கிட்ட வந்தா கொஞ்சம் ஆவியாகும், தூள் பறக்கும். அது நம்மளப் பாக்கலை. நாமதான் அதப் பாக்கறோம்” என்று டீச்சர் அத்தையைப் பார்த்துச் சொன்னார். பிறகு எல்லோரும் தெருக்கோடிக்குப் போய் வானத்தையும் பார்த்தார்கள்.

அத்தை உருண்டையைத் தொட்டுப் பார்த்தாள். விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“வெறும் ஐஸும் மண்ணுமா? இதுக்கா இவ்ளோ பேச்சு” என்றாள். “சரிண்ணே. சித்திரையிலயே வச்சிக்கலாம்.”

அப்பா டீச்சரைக் கும்பிட்டார். உண்மையாகவே கும்பிட்டார்.

டீச்சர் கை கழுவப் பின்பக்கம் வந்தார். நான் சொம்பில் தண்ணீர் ஊற்றினேன். அக்கா துண்டோடு வந்து நின்றாள்.

“நல்லா சொன்னீங்க டீச்சர். எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சி” என்றாள். குரலில் கோபம் எதுவும் இல்லை. “அந்த வால் வெள்ளியாலயாவது தள்ளிப் போவும்னு நெனச்சிகினு இருந்தேன். ரிசல்ட்டு வரதுக்குள்ள கல்யாணம். பாஸா பெயிலான்னுகூட தெரியாம போவணும். இப்ப நான் இன்னா பண்றது?”

டீச்சர் கையிலிருந்த கரி சரியாகப் போகவில்லை. நான் சொம்பைச் சாய்த்தபடி நின்றேன். அக்கா துண்டைச் சுவரில் மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பேச்சைக் கிளப்பியதே அக்காதான் என்று அன்று ராத்திரி அவளே சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. மாவு மில்லில் வரிசையில் நிற்கும்போது சும்மா சொல்வதுபோல ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாள். மாவு மில்லில் சொன்னது சுங்குவார்சத்திரம் போய்ச் சேர்வதற்கு அந்தக் காலத்தில் போன் தேவைப்படவில்லை.

அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லாத நாளில் டீச்சர் பஸ் ஏறி வந்தார். அப்பா பம்புசெட்டில் இருந்தார். நான் கஞ்சித் தூக்கோடு போய்க்கொண்டிருந்தேன். வரப்பில் என் பின்னாலேயே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்.

“அன்னைக்கு நான் பாதிதாங்க சொன்னேன்” என்றார் அப்பாவிடம்.

“இன்னா பாதி?”

“வால் நட்சத்திரத்துக்கும் கல்யாணத்துக்கும் சம்பந்தம் இல்லன்னு சொன்னேன். உங்க பொண்ணுக்கும் கல்யாணத்துக்கும் சம்பந்தம் இருக்குல்ல? அவகிட்ட யாரும் கேக்கலையே.”

அப்பா மண்வெட்டியை வாய்க்காலில் அலசினார். “அவ எதுனா உங்களாண்ட சொன்னாளா?”

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தூக்கை மாற்றிப் பிடித்தேன்.

“இல்லைங்க. அவ ஒண்ணும் சொல்லல. நானாத்தான் கேக்கறேன். வயசும் பதினெட்டு ஆகலையே.”

டீச்சர் பொய் சொல்லி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

“ஆவணியில ஆயிடும்” என்றார் அப்பா. “டீச்சர், நீங்க பாடம் நல்லா எடுக்கறீங்க. அதுக்கோசரம்தான் கூப்ட்டேன். இது பாடம் இல்ல. வூட்டு விஷயம். வெயில் ஏறிட்ச்சி, கெளம்புங்க.”

மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து நான் ஏரிக்கரைக்குப் போகக்கூடாது என்று ஆயிற்று. அதற்குப் பிறகு வால் நட்சத்திரத்தை எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகைப் பின்னாலிருந்து தனியாகப் பார்ப்பேன். தென்னை மட்டை பாதியை மறைக்கும்.

எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது நினைவிருக்கிறதா? முழுப் பரீட்சைக்குக் கன்னத்தில் பற்றுப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேனே. அது தொடங்கிய நாள், வாயைத் திறக்க முடியாமல் உள்ளறை மூலையில் படுத்திருந்தேன். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அத்தை கல்யாண ஜாக்கெட் தைக்க அக்காவின் அளவு ஜாக்கெட்டை வாங்கிப்போக வந்தாள். அக்கா எடுத்துக் கொடுத்தாள். அத்தை அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“மாவு மில்லுல அந்தப் பேச்ச மொதல்ல எடுத்தது யாருன்னு கேட்டுகினே போனேன்” என்றாள். “ஒம் பேர சொல்றாங்க.”

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “ஆமா அத்த” என்றாள்.

“எதுக்கு?”

“ரிசல்ட்டு வரவரைக்கும் தள்ளிப் போவட்டும்னு.”

“ரிசல்ட்டு வந்துச்சின்னா?”

“மேல படிக்கணும்.”

“எம் புள்ளையாண்ட எதுனா கொறை கீதா?”

“இல்ல அத்த. மாமா நல்லவரு. எனக்கு இப்ப வாணாம். அவ்ளோதான்.”

“ஒங்கப்பனாண்ட சொன்னியா?”

“சொன்னேன். காதுலயே போட்டுக்கல.”

அத்தை என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு, ஜாக்கெட்டை மடக்கும் சத்தம் கேட்டது. பார்த்தேன். ஜாக்கெட்டின் கைகளை உள்ளே வைத்து ஒழுங்காக மடித்து, அதை அக்காவின் கையிலேயே திரும்பக் கொடுத்தாள்.

“நீ வாயத் தொறக்காத. நான் பாத்துக்கறேன்” என்றாள். “இவளும் தொறக்கக் கூடாது.”

என்னால் திறக்க முடியாத நாள் அது.

மத்தியானம் அப்பா வந்ததும் அத்தை வாசலில் இறங்கி நின்றுகொண்டாள். தெருவுக்கே கேட்கிற குரலில் பேசினாள்.

“அண்ணே, எனக்கு மனசு ஒப்பல. வால் வெள்ளி வந்த வருஷம் வாணாம்.”

“டீச்சரு வந்து ஐஸ உருட்டிக் காமிச்சப்ப தலைய ஆட்டினியேடி.”

“ஆட்டினேன். வூட்டுக்குப் போனா நெஞ்சு அடிச்சிகுது. ஐஸா இருந்தா இன்னா, மண்ணா இருந்தா இன்னா? எனக்கு ஒத்தப் புள்ள.”

“சரி, அது போனப்புறம் வச்சிக்கலாம்.”

“அது வந்து போன வருஷத்துல எந்த மாசமும் வாணாம். ஒம் பொண்ணு நல்ல பொண்ணு. வேற எடம் பாரு.”

அப்பா கத்தினார். விவரம் கெட்டவள், காட்டுமிராண்டி என்று என்னென்னவோ சொன்னார். கூடியவர்கள் சிரித்தார்கள். படித்த பையன்கள் இரண்டு பேர் அவளுக்கு வால் நட்சத்திரத்தை விளக்கக்கூட ஆரம்பித்தார்கள். அத்தை தலைக்கு முந்தானையைப் போட்டுக்கொண்டு அந்த வெயிலில் பஸ்ஸுக்கு நடந்து போனாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. உண்மையைச் சொல்லிவிட்டுப் போகலாமே, டீச்சர் சொன்னதை எல்லாம் பொய்யாக்கிவிட்டுப் போகிறாளே என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தக் கத்தல் யார்மேல் விழுந்திருக்கும் என்று யோசிக்க எனக்கு இன்னும் சில வருஷம் ஆக வேண்டியிருந்தது.

அப்பா ஒரு வருஷம் தங்கையோடு பேசவில்லை. மாமாவிடம் அத்தை என்ன சொன்னாளோ தெரியாது. அவர் அடுத்த தையில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். கடலை மிட்டாய் நின்றது.

அக்கா பாஸானாள். பெரிய மார்க் எல்லாம் இல்லை. கல்யாணம் நின்ற பெண்ணுக்கு உடனே வேறு இடம் வரவில்லை. வீட்டில் சும்மா இருப்பதற்குப் படிக்கட்டும் என்று அப்பா பாலிடெக்னிக்கில் சேர்த்தார். படிக்க வைக்க வேண்டும் என்று அவர் முடிவெடுத்ததாகத்தான் பின்னாளில் எல்லோரிடமும் சொன்னார். நானும் மறுத்ததில்லை.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கல்யாணம் நின்றதில் அவருக்கு நிம்மதி. ஆனால் அது நின்ற விதம் அவரை வாட்டியது. “உங்க அத்தைக்குப் புரியற மாதிரி எனக்குச் சொல்லத் தெரியலை போல” என்றார். நான் அக்காவுக்குச் சத்தியம் செய்திருந்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த வருஷம் மாற்றலாகிப் போய்விட்டார்.

நிலம் போயிற்று. அப்பா பயந்தபடி யாரும் எங்களை மதிக்காமல் போகவில்லை. அவரவர் நிலமும் போனதில் யாருக்கும் அதற்கு நேரம் இல்லை. அக்கா கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் சேர்ந்து, இரண்டு சூப்பர்வைசர்களைத் தாண்டி மேலே போனாள். அவளே பார்த்துச் சொன்னவரோடு, இருபத்தாறு வயதில், ஸ்ரீபெரும்புதூர் மண்டபத்தில் கல்யாணம். அப்பாதான் முன்னால் நின்று நடத்தினார்.

அக்கா டீச்சரைத் தேடிப்பிடித்துப் பத்திரிகை கொடுத்திருந்தாள். வந்திருந்தார். அத்தையும் மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு வந்திருந்தாள். பந்தியில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தது அப்பாதான்.

“டீச்சர், நெனப்பு இருக்குதா? உங்க ஐஸுக்கே மசியாத எந்தங்கச்சி” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “நான் படிக்காதவ டீச்சர். பயந்துட்டேன்” என்றாள்.

நான் கூட்டு வாளியோடு எதிரில் நின்றேன். டீச்சர் சிரிக்கவில்லை. அத்தை பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்து, “அன்னைக்கு நான் அவசரமா சொல்லிட்டேம்மா” என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். லட்டு சூரியன் ஆயிற்று. அப்பளத்தை நொறுக்கித் தூள் ஆக்கினார். அது எங்கிருந்து வருகிறது, ஏன் வால் முளைக்கிறது, ஏன் அதனால் யாருக்கும் எதுவும் ஆவதில்லை, எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். அத்தை சாதத்தில் வைத்த கையை எடுக்காமல், ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டு முழுப் பாடத்தையும் கேட்டாள். சாம்பார் ஆறிப்போயிற்று.

“இப்பத்தான் டீச்சர் நல்லா வெளங்குது” என்றாள் கடைசியில். “அது மறுக்கா எப்ப வரும்?”

“ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆகும்மா.”

“அவ்ளோ நாளு ஆவுமா?” அத்தை கொஞ்சம் யோசித்தாள். “அப்ப பரவால்ல. அதுக்குள்ள நம்ம ஊரு பொண்ணுங்க எல்லாம் படிச்சி முடிச்சிடும்.”

டீச்சர் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. மிச்சச் சோற்றையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இலையைத் தன் பக்கமாக மடித்தாள்.